பெயருக்கு முன்னால் ஒரு கச்சான்

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் போன் திரையில் உப்பு படியும். கட்டைவிரல் ஒட்டும். கைலி முனையால் துடைத்துவிட்டு ஆடினால், அடுத்த ரவுண்டுக்குள் மறுபடியும் பிசுபிசுப்பு…

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். சாயங்காலம் வேலை முடிந்தால் நேரே பீச் ரோட்டு சர்பத் கடை பெஞ்சு. நாலு பேர், நாலு போன், ஒரே துப்பாக்கி கேம்.

ஆலந்தலை டெரிக், சின்ன வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிற வீட்டுப் பையன். கச்சான் பலமாக வீசினால் வள்ளம் கடலுக்குப் போகாது. அன்றைக்குத்தான் பஸ் ஏறி ஆட வருவான். அதனாலேயே டீமுக்கு கச்சான் என்று பெயர். ரோஷனின் அப்பாவுக்குச் சொந்தமாக விசைப்படகு. இசக்கி ஆத்தூர்க்காரன், வெற்றிலைக் கொடிக்கால் வீடு. நான் நாசரேத்து, கடல் இல்லாத ஊர். "ஏலே, ஒனக்குக் கடல்னா திருச்செந்தூர்ல கால் நனைக்கதுதானல?" என்று டெரிக் என்னை ஓட்டாத நாள் கிடையாது.

கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளை, அவர் போகிற படகின் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். அதே மாதிரி நாங்களும் போட்டுக்கொண்டோம். கச்சான் டெரிக், கச்சான் ரோஷன்… கேமில் மட்டுமில்லை, பேஸ்புக்கிலும். அவ்வளவு பெருமை! அதில் ஒரு வில்லங்கம் இருப்பது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை.

ஊரில் ஒரு மொபைல் கடை அண்ணாச்சி டோர்னமென்ட் வைத்தார். ஃபைனல் வரை வந்துவிட்டோம்.

அந்த நேரம் பார்த்து டெரிக் வீட்டு வலையை ஏதோ ஒரு விசைப்படகு அறுத்துவிட்டுப் போய்விட்டது. பாவம், புது வலை. கோபத்தில் இருந்தவன், டோர்னமென்ட்டின் பேஸ்புக் பக்கத்தில் யாரோ ஏதோ கேட்டதற்கு எழுதிவிட்டான்: "விசைப்படகுக்காரனுவ கடலையே வழிச்சு எடுத்துட்டுப் போறானுவ. எங்களுக்கு என்ன மிச்சம்?"

மேலே பெயர்… கச்சான் டெரிக்.

மறுநாள் அண்ணாச்சி எனக்குப் போன் போட்டார். "என்ன தம்பி, நீங்க எல்லாருமே அப்படித்தான் நெனைக்கீங்களா? அவனை டீம்ல இருந்து எடுத்தாச்சுன்னு ஒரு விளக்கம் போடுங்க. இல்லன்னா உங்க டீமை எடுத்துருவேன். வருத்தப்படக்கூடாது பாத்துக்கிடுங்க." அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விசைப்படகு ஆட்கள்.

ஆபீசில் லெட்டர் அடிக்கிறவன் என்பதால் விளக்கம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. "மேற்படி கருத்து எங்கள் அணியின் கருத்தல்ல. அவர் அணியிலிருந்து நீக்கப்படுகிறார்…" சரக்கு வரத் தாமதம் என்று பார்ட்டிக்கு எழுதுகிற அதே நடை.

சாயங்காலம் டெரிக் வரவில்லை. இசக்கியும் ரோஷனும் வந்தார்கள். ரோஷன் வீட்டிலும் சத்தம். "அந்தப் பயகூட இனிமே ஆடாதே" என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். போனை அவனிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தான்.

"'எங்கள் அணியின் கருத்தல்ல'ன்னு போட்டிருக்கியே… ஏலே இசக்கி, நீ ஏத்துக்கிடலயா?"

இசக்கி சர்பத்தைக் கீழே வைத்தான். "நான் அதுக்கு லைக்கே போட்டுட்டேன்டே…"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ரோஷன் சிரிக்கவில்லை.

"எனக்கு அவன் மேல கோவம்தான். அவன் எங்கப்பாவையும் சேத்துத்தான் எழுதியிருக்கான். ஆனா எங்கப்பா விசைப்படகுச் சங்கத்துல பேசுததை எல்லாம் நான் பேசுனதா நீ எடுத்துக்கிடுவியா? மாட்டேல்லா? அப்போ அவன் பேசுனதை மட்டும் எப்படி நாலு பேரும் பேசுனதா ஆகும்?"

அப்போது இசக்கி போனைப் பார்த்து, "ஏ… பேரை எடுத்துட்டான்ல" என்றான். டீம் லிஸ்டில் கச்சான் டெரிக் இல்லை. வெறும் டெரிக்.

ரோஷன்தான் போன் போட்டான். ஸ்பீக்கரில் காற்றுச் சத்தம். "எழுதினதை நான் அழிக்கமாட்டேன் மக்கா. எங்க வலை போனது நெசம். ஆனா என்னால உங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு… நான் விலகிக்கிடுதேன், நீங்க ஆடுங்க."

"ஏலே, பேரைத் திருப்பிப் போடு மொதல்ல" என்றான் ரோஷன். "நாளைக்கு இங்கன வா. வலையைப் பத்தி நேர்ல சண்டை போடுவோம்."

விளக்கம் போடவில்லை. அண்ணாச்சி சொன்னபடி டீமை எடுத்துவிட்டார். ஃபைனல் நேரத்தில் நாங்கள் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். ரோஷனும் டெரிக்கும் போட்ட சத்தத்தில், சர்பத் கடைக்காரர் எங்களை எழுந்து போகச் சொல்லிவிட்டார். ஃபைனல் போனதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நாலு பேரும் ஒன்றாகத்தான் எழுந்து போனோம்.

இப்போது எல்லாரும் விவரமாகிவிட்டார்கள். இன்று என் ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரின் புரொஃபைலிலும் "கருத்துகள் என் சொந்தக் கருத்துகள்" என்று ஒரு வரி. நானும் போட்டிருக்கிறேன். அந்த ஒரு வரி அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஃபைனல் ஆடியிருப்போமோ என்னவோ…

டெரிக் இப்போது வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்க்கிறான். அப்பாவின் விசைப்படகை ரோஷன் பார்த்துக்கொள்கிறான். கச்சான் மட்டும் இரண்டு பெயரிலும் அப்படியே இருக்கிறது. போன வாரம் டெரிக் நடுக்கடலில் இருந்துகொண்டு விசைப்படகுகளைத் திட்டி மறுபடியும் ஒரு பதிவு. கீழே ரோஷன் வரிக்கு வரி மறுத்து எழுதியிருந்தான். யாரோ ஒரு புது ஆள் நடுவில் புகுந்து ரோஷனிடம் கேட்டார்: "நீங்களும் கச்சான்னு போட்டிருக்கீங்க, இவர் உங்க குரூப்பா? அப்போ இது உங்க எல்லாரோட கருத்தா?"

ரோஷன் பதில் போட்டிருந்தான்.

"கருத்து அவனோடது. ஆளு எங்காளு."