கிணற்றுப் படியில் உட்கார்ந்துவிட்டவள்

இருநூற்று நாற்பத்தெட்டு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் ஓர்வியேத்தோ ஊர்க் கிணற்றில் இறங்கும் படிகள் அத்தனை. ஏறும் படிகளும் அத்தனையே, ஆனால் அது வேறு படிக்கட்டு. தண்ணீர் சுமந்த கோவேறு கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளக் கூடாது என்று கிணற்றுச் சுவரைச் சுற்றி இரண்டு பாதைகளை அந்தக் காலத்தில் வெட்டி வைத்தார்கள். இறங்க ஆரம்பித்தால் அடிவரை போக வேண்டும். அங்கே சின்னப் பாலம். அதைக் கடந்து மறுபக்கமாகத்தான் மேலே வர முடியும். பாதியில் திரும்ப விடமாட்டார்கள். கழுதைக்கு அது நல்ல ஏற்பாடு. ஏழு மாத வயிற்றோடு இருப்பவளுக்கு அல்ல.

மிரெல்லா தெற்கே மெல்ஃபி ஊர்க்காரி. வயது முப்பத்தொன்று. கார் சீட்டுக்கு உறை தைக்கும் ஆலையில் வேலை. ஆகஸ்டில் ஆலையை மூடுவார்கள். உனக்கு எப்போது ஓய்வு வேண்டும் என்று தொழிலாளியை எவனும் கேட்பதில்லை. நாடே ஒரே நாளில் கதவைச் சாத்திவிட்டு ஒரே நாளில் ரோட்டுக்கு வரும். மிரெல்லா அந்த நாட்களில் ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு, வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு வீட்டில் கிடக்க நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் புருஷன் வீட்டார் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஒரு வேன், எட்டுப் பேர், ஐந்து ஊர். அவளைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். அவள் புருஷன் ரோக்கோ பாதிக் கை தூக்கினான். அதையும் முழுக்கையாகத்தான் எண்ணினார்கள்.

பயணத்தின் நாலாம் நாள் காலையில் குழந்தை உதைக்கவில்லை.

தினமும் அவள் பால் காப்பியை வாயில் வைத்ததும் விலாவில் ஒரு இடி விழும். அன்று விழவில்லை. வேனில் ஏறும் முன் ரோக்கோவிடம் சொன்னாள்.

"தூங்குது போல. நீ ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருந்தல்ல, அதுக்கும் தூக்கமில்ல" என்றான் அவன்.

வேனில் மாமியார் தொனாத்தாவிடம் சொன்னாள்.

"மூணு பெத்தவ நான்" என்றாள் தொனாத்தா. "உன் புருஷன் ஒரு வாரம் அசையாம கிடந்தான். இப்ப மட்டும் என்ன, சோபாவை விட்டு எழுந்திருக்கானா?"

வேன் முழுக்கச் சிரித்தது. ரோக்கோவும் சிரித்தான்.

மெல்ஃபியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் அவளுக்குத் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: "அசைவு குறைஞ்சா, சில்லுனு இனிப்பா ஏதாவது குடி. இடது பக்கமா படு. ரெண்டு மணி நேரம் எண்ணு. பத்து உதை வரலன்னா ஆஸ்பத்திரிக்குப் போ. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத."

குளிர்ந்த பானம். படுக்க இடம். இரண்டு மணி நேரம். இதைவிடச் சின்னக் கோரிக்கையை எந்த நிர்வாகத்திடமும் எவரும் வைத்ததில்லை. ஆனால் தொனாத்தாவின் சட்டப்படி வேர்வையோடு குளிர்ந்தது குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும். அதனால் மருமகளுக்குத் தனித் தண்ணீர், துண்டில் சுற்றி, வெதுவெதுவென்று. ஏசிக் காற்று பிடரியில் பட்டால் கழுத்து இறுகும். அதனால் முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் ஏசி அணைந்தே இருந்தது. படுக்க இடமா? மிரெல்லாவுக்கு ஜன்னலோர சீட்டுகூட இல்லை. ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் மாமனார். வழியெல்லாம் இரண்டு பேரின் கையும் அவள் வயிற்றின் மேலேயே இருந்தது. இரண்டு பேருக்கும் அது அசையவில்லை என்று தெரியவில்லை.

கிணற்று வாசலில் அவள், "நான் மேலயே உட்கார்ந்திருக்கேன். நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"வயித்துப் பிள்ளைக்காரிய ரோட்டுல தனியா விட்டுட்டுப் போறதா? ஊர்ல கேட்டா என்ன பதில் சொல்றது?" என்றாள் தொனாத்தா.

கொழுந்தன் வீத்தோ பயணத் திட்டத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். "அண்ணி, எட்டு டிக்கெட்டும் கிழிச்சாச்சு. உள்ள குளுகுளுன்னு இருக்கும். கழுதையே ஏறி இறங்கின படி!"

"அப்ப கழுதையைக் கூட்டிட்டுப் போ" என்றாள் மிரெல்லா. அதற்கும் சிரித்தார்கள். இறங்கினார்கள்.

உள்ளே குளிர்ச்சிதான். ஈரச் சுவர், பாசி வாடை, சுவரில் வெட்டிய ஜன்னல்கள் வழியாக எதிர்ப் பக்கத்தில் ஏறுகிறவர்களின் முகம். அடியில் பாலத்தின் மேல் வீத்தோ எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தான். அவனுடைய இரண்டு பெண்களும் மிரெல்லாவின் வயிற்றில் ஆளுக்கொரு காதை வைத்துச் சிரித்தார்கள். "பாப்பா ஒண்ணும் பேசல, பெரியம்மா" என்றாள் சின்னவள். மிரெல்லா நிமிர்ந்து பார்த்தாள். மேலே வானம் ஒரு தட்டளவு தெரிந்தது.

ஏறும்போது எண்ணினாள். ஆலையில் தையல் எண்ணிப் பழகியவள். தொண்ணூறாவது படியில் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் நூத்தி அம்பத்தெட்டுதான் அண்ணி" என்றான் வீத்தோ.

"எனக்கு கிரனீத்தா வேணும். எலுமிச்சை. ஐஸ் நிறையப் போட்டு."

"மேல போய் உனக்கு வெந்நீர்ல எலுமிச்சை பிழிஞ்சு தரச் சொல்றேன்" என்றாள் தொனாத்தா. "ஐஸ் மட்டும் வேண்டாம் பொண்ணே. வேர்வையப் பாரு."

"இங்கேயே வேணும். இப்பவே."

"பிடிவாதம்! எழுந்திரு, சனங்க நிக்குது பாரு."

பின்னால் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். மிரெல்லா எழுந்திருக்கவில்லை. தொனாத்தாவுக்கு இன்னொரு சட்டமும் உண்டு என்று அவளுக்குத் தெரியும். கர்ப்பிணி ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் விட்டால், அந்த நேரத்தில் அவள் உடம்பில் எங்கே தொடுகிறாளோ, பிள்ளைக்கு அங்கே மச்சம் விழும். தொனாத்தாவின் சொந்தத் தங்கைக்குக் கழுத்தில் காப்பி கொட்டினாற்போல ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் சாமியை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள்.

மிரெல்லா வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கையை விரித்தாள். கன்னத்தை நோக்கி மெதுவாகக் கொண்டுபோனாள்.

"ரொம்ப ஆசையா இருக்கு அத்தை."

"ஐயோ, கைய எடு!" தொனாத்தாவின் சத்தம் கிணறு முழுக்கச் சுற்றியது. "மூஞ்சில வேணாம்! பின்னாடி தொடு! உட்காருற இடத்துல தொடு, யாருக்கும் தெரியாது!"

"கன்னந்தான் அரிக்குது."

"வீத்தோ! என்னடா மரம் மாதிரி நிக்கிற? ஓடு! பொட்டப் புள்ளையா இருந்தா யாருடா கட்டுவான்?"

வீத்தோ ஓடினான். மிரெல்லா கையைக் கன்னத்துக்கு ஒரு விரல் தூரத்தில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். கை வலித்தது. இறக்கவில்லை. வெளியே போகும் வழியில் கீழே விடமாட்டேன் என்று காவலாளி சொல்லிவிட்டானாம். வீத்தோ நூற்று ஐம்பத்தெட்டு ஏறி, சுற்றிப்போய் இருநூற்று நாற்பத்தெட்டு இறங்கி, தொண்ணூறு ஏறி, பாதி கரைந்த கிரனீத்தா ஐஸ் கோப்பையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. அந்தப் பயணத்தில் முதல் முறையாக.

அவள் குடித்தாள். பல் கூசியது. படியில் இடது பக்கமாகச் சாய்ந்து ரோக்கோவின் மடியில் தலை வைத்தாள்.

"என்ன பண்ற?" என்றான் ரோக்கோ.

"எண்ணறேன். பேசாத."

எல்லோரும் சுற்றி நின்றார்கள். தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். ஐந்து நிமிடம். பத்து. இருபது. வயிறு கல் மாதிரி இருந்தது.

"இன்னும் ஒண்ணுகூட வரல" என்றாள் மிரெல்லா. "காலையில உங்கிட்ட சொன்னேன். வேன்ல அத்தைகிட்ட சொன்னேன். சிரிச்சீங்க."

தொனாத்தா துண்டில் சுற்றிய பாட்டிலைப் படியில் வைத்தாள்.

"தேவாலயத்துக்கு ரெண்டு மணிக்கு..." என்று வீத்தோவின் மனைவி ஆரம்பித்தாள்.

"தேவாலயம் எங்கயும் ஓடிடாது" என்றாள் தொனாத்தா. "ரோக்கோ, அவளப் பிடி. வீத்தோ, முன்னாடி போய் வழி விடச் சொல்லு."

ஏறினார்கள். இருபது படிக்கு ஒரு தரம் நின்றார்கள். எல்லோருக்கும் மேலே போக அந்த ஒரே வழிதான். வேனில் வீத்தோ தானாகவே ஏசியைப் போட்டான். தொனாத்தா ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தாள். யாருடைய கையும் வயிற்றின் மேல் வரவில்லை. இப்போது யாராவது கை வைத்து, இருக்கிறது என்று சொல்லமாட்டார்களா என்று மிரெல்லாவுக்கு இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஏழு பேரும் அவளோடு அறைக்குள் நுழையப் பார்த்தார்கள். நர்ஸ் கதவில் கையைக் குறுக்கே வைத்தாள்.

"ஒருத்தர்தான். யாரு வேணும்னு அவங்க சொல்லட்டும்."

ரோக்கோ ஓரடி முன்னால் வந்தான். மிரெல்லா அவனைப் பார்த்தாள்.

"யாரும் வேண்டாம்" என்றாள்.

கதவு மூடியது. நாலு நாளில் அவள் தனியாக இருந்தது இதுதான் முதல் தடவை. அதை அனுபவிக்க முடியவில்லை. நர்ஸ் வயிற்றில் பசையைத் தடவி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் வட்டு ஒன்றை வைத்து பெல்ட்டைக் கட்டினாள். கருவியில் இரைச்சல். வட்டை இடப் பக்கம் நகர்த்தினாள். இரைச்சல். கீழே நகர்த்தினாள். மிரெல்லா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வட்டை இன்னும் கீழே அழுத்தினாள்.

குதிரை ஓடுவது போலச் சத்தம் கேட்டது. திரையில் துடிப்பின் எண் ஏறி நின்றது.

நூற்று நாற்பத்து நான்கு.