கடைசிக் கழனிக்குத் தண்ணீர் போன நாள்

ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். இன்று ஒரகடத்தில் மூன்று கம்பெனிகளுக்கு என் சமையல்கூடத்திலிருந்துதான் சோறு போகிறது. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? போன வாரம் என் மகள், தம்பியும் அவளும் மாறி மாறி வைத்துக்கொள்ளும் லேப்டாப்பை, செய்தவன் வைத்த வேகத்துக்கு மேலே ஓட விட்டிருந்தாள். ஓவர்கிளாக்காம். உள்ளே விசிறி கத்தியது.

"சூடாவுது, ஆனா பறக்குதும்மா. வுட்டு வைக்கலாமா, வாணாமா?" என்றாள்.

இந்தக் கேள்வியை நான் எட்டு வயதிலேயே பார்த்துவிட்டேன்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரே கிணறு, தண்ணீர் இறைக்க ஒரே ஆயில் இன்ஜின். காலையிலிருந்து உச்சிப்பொழுதுவரை எங்கள் முறை, அப்புறம் அவர்கள் முறை. அந்த வருஷம் நெல் கதிர் விடும் நேரத்தில் மழை இல்லை. எங்கள் முறை முடிவதற்குள் கடைசிக் கழனிக்குத் தண்ணீர் எட்டவே இல்லை.

ஒரு நாள் காலை, எங்களோடு இருந்த சித்தப்பா ஸ்பேனரோடு வந்து, இன்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஸ்பிரிங்கை முறுக்கினார்.

"இன்னாடா பண்ற? தாங்குமா அது?" என்றார் அப்பா.

"மாடா ண்ணா இது, நொரை தள்ள? இரும்பு! ஓடட்டும் வுடு."

இன்ஜின் அலறியது. அப்படி ஒரு தண்ணீரை நான் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளை வெளேரென்று பாய்ந்து தொட்டியையே உலுக்கியது. வாய்க்காலோடு ஓடினேன், தண்ணீர் என்னை முந்தியது. வெடித்துக் கிடந்த கடைசிக் கழனி அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. குடித்து முடித்து நிறைந்தும் நின்றது. சித்தப்பா அன்று எனக்குச் சாமி. அம்மா சாக்கை நனைத்து நனைத்து இன்ஜின் மேல் போட்டார். போட்ட வேகத்தில் காய்ந்தது.

உச்சிப்பொழுதில் பெரியம்மா மண்வெட்டியோடு வரப்பில் வரவும், இன்ஜின் ஒரு முக்கு முக்கி நின்றது. சுங்குவார்சத்திரத்து மெக்கானிக் வந்து பார்த்து, "சூட்டுல பிஸ்டன் புட்ச்சிக்கிச்சி. பத்து நாள் ஆவும்" என்றார்.

"உங்க கழனி ரொம்பிடுச்சில்ல?" என்றார் பெரியம்மா. அவ்வளவுதான். சித்தப்பா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்பா பெரியம்மா கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். நேராகப் போய் எங்கள் கடைசிக் கழனி வரப்பை வெட்டினார். நான் கூடவே ஓடிவந்த தண்ணீர் பெரியப்பா கழனியில் இறங்கியது. "அது நம்ம தண்ணிப்பா!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டேன். என்னைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினார்.

அந்த வருஷம் முழுக்கச் சித்தப்பா இன்ஜின் ஓட்டிய கதையைப் பள்ளிக்கூடத்தில் அளந்துகொண்டிருந்தேன். அப்பா வரப்பை வெட்டியதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. போன வாரம் மகளிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.