கூட்டணியில் நிற்கிறேன் என்றான்

என் கையெழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன். முன்னே பின்னே வந்தால் நீங்களே சரிப்படுத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை, இங்கே பிரான்சில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். புருவம் திருத்தும் கடையிலிருந்து பவுடர் வாசம் வந்தது. அந்த வாசலில் நின்று அழுதுவிட்டேன். உள்ளே இருந்த பிள்ளை, நூலுக்குப் பயந்து நிற்கிறேன் என்று நினைத்தாளாக்கும். "நோகாது அம்மா, உள்ளை வாங்கோ" என்றாள்.

அந்த இடத்தில் முன்பு டெலிபோன் கடை இருந்தது. பலகையால் மறைத்த சின்னச் சின்னக் கூடுகள். ரிசீவரில், முதலில் பேசிவிட்டுப் போனவரின் சென்ட்டோ வெற்றிலையோ மணக்கும். சேலைத் தலைப்பால் துடைக்காமல் நான் காதில் வைக்கமாட்டேன். "அக்கா போனைக் குளிப்பாட்டுறா, கொஞ்சம் பொறுங்கோ" என்று கடைக்காரர் வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்லுவார். எனக்குக் கூச்சத்தில் முகம் சிவக்கும்.

2009. வன்னியில் சண்டை முடிந்து, மகன் குகன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத காலம். எனக்கென்று போன் இல்லை. அந்தக் கடை நம்பரைத்தான் ஊரில் அகப்பட்டவர்களிடமெல்லாம் கொடுத்துவைத்தேன். பக்கத்து ஒபர்வில்லியேயில் கூட்டித் துடைக்கும் வேலை முடிந்ததும், பின்னேரங்களில் அங்கே வந்து மூலையில் குந்தியிருப்பேன்.

அடுத்த வருஷம் ஒருநாள் கடைக்காரர் கத்தினார். "அக்கா, ஓடியாங்கோ! உங்கடை பெடியன்!"

அன்றைக்கு நான் துடைக்கவில்லை.

"அம்மா, நான்தான். பயப்பிடாதேங்கோ. கூட்டணியிலை நிக்கிறன்." ஒரே இரைச்சல்.

"எந்தக் கூட்டணியப்பு?"

"கூட்டணி அம்மா, கூட்ட..." அறுந்துவிட்டது.

கடையில் நின்றவர்கள் சுற்றிக்கொண்டார்கள். கூட்டணி என்றால் எங்கள் ஆட்களுக்குக் கட்சிகள் சேர்ந்து எலெக்சன் கேட்பதுதான். "அக்கா, பெடியன் எம்பியாகப் போறான், எங்களையும் மறக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்று ஒருவர் பகிடி விட்டார். நானும் சிரித்தேன். பிள்ளை உயிரோடு இருக்கிறான் அல்லவா?

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சொந்தக்காரர் கட்சிக் கந்தோர்களில் ஏறி இறங்கினார்கள். அப்படியொரு பெடியன் இல்லை. போனும் திரும்ப வரவில்லை. வருஷங்கள் போயின. கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டார்.

அதற்கும் கனகாலம் கழித்து, என்னோடு வேலை செய்யும் மன்னார் மேரியின் தம்பி கனடாவிலிருந்து வந்தான். அங்கே லொறி ஓட்டுகிறவன். மூன்று பேருமாக லா சப்பலில் தோசை சாப்பிட்டோம். "இந்த முறை பனிக்குள்ளை கூட்னி மலையிலை மாட்டுப்பட்டுப் போனன்" என்றான். முன்பின் தெரியாத ஆம்பிளைகளை நிமிர்ந்தும் பார்க்காத நான், அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"என்ன சொன்னியள் தம்பி? திருப்பிச் சொல்லுங்கோ."

"கூட்னி, அம்மா. மேற்குக் கனடா. மலையும் ஏரியும் பழத்தோட்டமும். அங்கத்தைய ஆதிச் சனத்தின்ரை பேர் அது. சண்டை முடியக் கப்பலேறிக் கனடாவுக்கு வந்த எங்கடை பெடியள் சிலபேரும் செர்ரி ஆய அங்கை போறவங்கள்."

நான் அவன் கையை விடவில்லை. அவன் சொல்லிக்கொண்டே போனான். அந்தச் சனத்தின் நிலத்துக்கு நடுவால் கோடு கீறி, ஒரு பாதி கனடா, மற்றப் பாதி அமெரிக்காவாம். கூட்னி என்ற ஒரே பேரை இரண்டு பக்கமும் வேறு வேறு எழுத்துக் கூட்டி எழுதுகிறார்களாம். அவர்களாகச் சொல்லும் பேர் க்துனாஹா. அவர்களுடைய பாஷைக்கு உலகத்தில் சொந்தக்காரப் பாஷையே இல்லையாம். பெற்றோல் அடிக்கிற செட்டில் அவர்களில் ஒரு கிழவி இவனிடம், "உங்கடை பாஷை பேசுற ஆக்கள் எத்தினை பேர்?" என்று கேட்டாளாம். எண்ண ஏலாது என்றானாம். "எங்கடையை எண்ணலாம். ஆனால் பள்ளிக்கூடத்திலை சின்னனுகளுக்குப் படிப்பிக்கிறம்" என்றாளாம்.

என் பிள்ளை கூட்னி என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அவன் நின்றது ஒரு சனத்தின் பெயரில்.

லொறிக்காரத் தம்பி திரும்பிப் போய்த் தோட்டங்களில் விசாரித்தான். சீசனுக்கு வருகிறவர்களின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. நான் அந்தப் பழைய கடை நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பிரெஞ்சுக்காரி சொன்னாள். குகனிடம் இருந்த நம்பர் அது ஒன்றுதான்.

அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்தச் சனத்தின் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பாருங்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் பாருங்கள். இடது புருவத்தில் வெட்டுத் தழும்புள்ள ஒருவன் அங்கே இருக்கிறானா என்றும் பாருங்கள். இருந்தால், அம்மா இன்னும் லா சப்பலுக்கு வந்து போகிறாள், இனி அந்த நம்பருக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.