சட்டைப் பையில் வந்த ஃபியூஸ் கட்டை

என் கணவர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, கள்ளக்குறிச்சியில் கரன்ட் வேலை பார்த்தார். அவர் துப்பாக்கி பிடித்த காலத்தில்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை. அப்போது எங்கோ வடக்கே இருந்தார். என்ன நடக்கிறதென்றே தெரியாது. இப்போதோ எந்த ஊர், எந்த மோட்டார் என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்புவார். எதை நினைத்துப் பயப்படுவது என்று எனக்கு நன்றாகத் தெரிந்துபோனது. நான் எட்டாவதோடு நின்றவள். கரன்ட்டைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே வேலைக்குப் போனாலும் முதலில் மெயினிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கைக்குள் அடங்கும் வெள்ளைப் பீங்கான் கட்டை. அது இல்லாமல் யார் ஸ்விட்சைத் தட்டினாலும் கரன்ட் வராது. வேலை முடிந்த பிறகு அவரே திரும்பச் சொருகுவார்.

"மூணு பேரு காவலுக்கு நின்னாலும் நம்ப மாட்டேன். கட்டை என் பையில இருக்கணும்" என்பார்.

பட்டாளத்தில் கூட இருந்த ஒருவர் கம்பியைப் பிடித்திருந்தபோது, யாரோ தெரியாமல் ஸ்விட்சைப் போட்டுவிட்டாராம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவர் சட்டைகளின் பையை எல்லாம் இரட்டைத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஒரு ஐப்பசியில் மலைமேல் கரியாலூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் குடிதண்ணீர் மோட்டார் பழுதாகிவிட்டது என்று போனார். வேலை முடிகிற நேரத்தில் மழை பிடித்து, ஊருக்கே கரன்ட் நின்றுவிட்டது. மோட்டாரை ஓட்டிப் பார்க்க முடியவில்லை. தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தபோது உடம்பு கொதித்தது.

மறுநாள் காலை துணி ஊறவைக்கும்போது பையில் கை விட்டேன். கட்டை இருந்தது.

சொன்னால் உடனே கிளம்பிவிடுவார். காய்ச்சல், மழை, மலைப்பாதையில் அத்தனை வளைவு. ஒருநாள் அவர்கள் ஓடைத் தண்ணீரில் சமாளிக்க மாட்டார்களா? கட்டையைத் துடைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

பத்து மணிக்கு எழுந்தவர் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"என் சட்டை எங்க?"

"தொவைச்சிட்டேங்க."

"பையில கட்டை இருந்துச்சா?"

"இல்லியே. வழியில எங்கியாவது உழுந்திருக்கும்."

அந்த ஊரில் மோட்டார் போட்டுத் தண்ணீர் விடுகிற ஆளைப் போனில் கூப்பிட்டார், சிக்னல் இல்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டை போனா போவுது. கரன்ட் வந்தும் தண்ணி வரலன்னு எவனாவது கட்டைக்குப் பதிலா கம்பிய மடிச்சி சொருவுவானே. நனைஞ்ச போர்டு அது. கையி ஒட்டிக்கினா இன்னா பண்றது?"

இவரை நினைத்துப் பயந்த நான், அந்த இன்னொருவரை நினைக்கவே இல்லை. அரிசிக்குள் கை விட்டு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். பீங்கான் இடுக்கில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா, ஒலையில போட்டு வேவ வெக்கலாம்னு பாத்தியா?" என்றார். அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நானும் வரேங்க. மயங்கி உழுந்தா வண்டிய யாரு புடிக்கிறது?"

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"கத்தவாச்சும் தெரியும்."

வடக்கனந்தல் தாண்டும்வரை தூறல். மலை ஏற ஏற வலுத்தது. கட்டையை நான் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒருவர் கம்பியோடு நிற்பது போலவே இருந்தது. என் பயம் பலிப்பது அபூர்வம். அன்று பலித்தது. மோட்டார் அறை வாசலில் பெண்கள் குடத்தோடு நிற்க, உள்ளே அந்தத் தண்ணீர் விடுகிற ஆள் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, சீவிய கம்பியைப் போர்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"ஏய்! கைய எடு!"

அப்படி ஒரு குரலை வீட்டில் நான் கேட்டதில்லை. அந்த ஆள் கம்பியைப் போட்டுவிட்டுக் குதித்தார்.

"ஊருத் தண்ணியவே பையில போட்டுக்கினு போயிட்டீங்களே, மிலிட்டரி! வூட்டுல ஷோகேஸ்ல வெக்கவா?" என்றாள் ஒரு பெண்.

நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "தப்பு என்னுதுதாம்மா. மறந்துட்டேன்."

கட்டையைச் சொருகியதும் மோட்டார் ஓடியது. அதே பெண் மிளகுக் கஷாயம் போட்டு வந்து, அவர் குடித்து முடிக்கிறவரை நகரவில்லை.

இறங்கும்போது கேட்டேன். "ஏங்க என்னைக் காட்டிக் குடுக்கல?"

"மறந்தது நான்தான? நீ ஒளிச்சது அதுக்கு அப்பறம்தான?"

அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கரன்ட் அவரை ஒன்றும் செய்யவில்லை, நெஞ்சுவலி. போன மாதம் சமையலறை ஸ்விட்சை மாற்ற ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"ஆஃப் பண்ணிட்டேம்மா. வூட்டுல நீங்க ஒருத்தர்தான? யாரு வந்து போடப் போறாங்க? என் டி-ஷர்ட்டுல பையும் இல்ல."

"அப்ப நான் வெச்சிக்கிறேன்" என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வேலை முடிந்து, "குடுங்கம்மா" என்று மூன்று தடவை கேட்டார். கம்பியெல்லாம் உள்ளே போய்விட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவைதான் கொடுத்தேன்.