அக்கா கேட்ட நான்கு வரிக் கடிதம்

அக்காவின் முதலாண்டு நினைவில் எங்களோடு சேர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரின் முகப்பில் அக்காவின் பெயரோடு அவர் கணவரின் பெயர் இல்லாததைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அது தவறுதலாக விடுபட்டதன்று. அக்காவே அப்படித்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கல்லூரியில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்த கதையை இதில் எழுத வேண்டாம் என்று உறவினர் இருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்கள். அவருடைய பொறுமையையும் விருந்தோம்பலையும் பற்றி எழுதினால் போதுமாம். அக்காவுக்குப் பொறுமை குறைவு. விருந்து வைக்க நேரமும் இருந்ததில்லை. அவர் எப்படி வாழ்ந்தாரோ அப்படித்தான் எழுதப்போகிறேன்.

அக்கா திண்டுக்கல்லில் பிறந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா மின்வாரியத்தில் கணக்கராக இருந்தார். அக்கா பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்க வரன் வந்தது. மூன்றாம் ஆண்டை அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். திருமணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. டெக்சாஸில், சுகர் லேண்டில், பத்தொன்பது ஆண்டுகள் அவர் குடித்தனம் நடத்தினார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளவும் அந்த வீட்டில் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. நடந்ததில் இதுதான் எழுதக்கூடிய பகுதி.

முப்பத்தொன்பதாவது வயதில், மகள் மதுவை அழைத்துக்கொண்டு இரண்டு பெட்டிகளோடு ஹூஸ்டனில் இருக்கும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்போது மதுவுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வாரம் எங்களோடு இருந்தார்கள். அந்த மூன்று வாரமும், திரும்பிப் போய்ச் சமாதானம் பேசும்படி நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான்காவது வாரம் அக்கா ஓர் இந்திய மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே உடன் வேலை பார்த்த நாகர்கோவில்காரரான ரோஸி ஆன்ட்டியின் அபார்ட்மென்ட்டுக்கு மகளோடு குடிபோனார். அந்த ஆண்டே கார் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

மதுவுக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. மருத்துவமனை அவசரப் பிரிவில் மகளுக்கு மூச்சுச் சிகிச்சை தந்த பெண்ணைப் பார்த்து, நீங்கள் என்ன படித்தீர்கள் என்று அக்கா கேட்டிருக்கிறார். உள்ளூர்க்காரர்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் நடக்கும் கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டுப் படிப்பு என்று அவர் சொன்னார். மறுவாரமே அக்கா விண்ணப்பம் போட்டார். இடம் கிடைத்துவிட்டது. கல்விக் கட்டணத்துக்கு அரசாங்க உதவித்தொகை கேட்டு, பொது நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தையும் தானே நிரப்பினார்.

சிக்கல் அங்கேதான் வந்தது. முந்தைய ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்த்தே தாக்கல் செய்திருந்தார்கள். அதனால் கணவருடைய கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் இருவரும் பிரிந்து வாழ்வதை அறிந்த ஒருவர் கடிதம் தர வேண்டும் என்று கல்லூரியிலிருந்து கேட்டார்கள். விவாகரத்து வழக்கு அப்போது தொடங்கவே இல்லை. வீட்டு வாடகை ஒப்பந்தமோ ரோஸி ஆன்ட்டியின் பெயரில் இருந்தது.

அக்கா முதலில் என்னிடம்தான் வந்தார்.

"நாங்க தனித்தனியா இருக்கோம்னு நாலு வரி எழுதிக் குடுடா. காலேஜ்ல கேக்கறாங்க."

"இதெல்லாம் எதுக்குக்கா எழுத்துல? நாளைக்கு நீங்க ஒண்ணு சேந்துட்டா? ஃபீஸ நானே கட்டிடறேன். கவர்மென்ட்கிட்ட போய் கை நீட்டணுமா?"

"உன்கிட்ட நீட்டினா மட்டும் அது கை இல்லையா?" என்றார் அக்கா. பிறகு, "நான் பணம் கேக்கல. நடந்தத நடந்ததுன்னு எழுதச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்து டாலஸில் இருக்கும் பெரியப்பாவிடம் கேட்டார். குடும்ப மானத்தைக் காகிதத்தில் எழுதித் தர முடியாது என்றார் அவர். அரசாங்கப் பணத்தை வாங்கினால் பின்னால் குடியுரிமை கிடைக்காது என்றும் பயமுறுத்தினார். அக்கா இலவசச் சட்ட ஆலோசனை நடக்கும் இடத்தைத் தேடிப் போய் வரிசையில் நின்று கேட்டார். படிப்புக்கான உதவித்தொகை அதற்குத் தடையாகாது என்று வழக்கறிஞர் சொன்னதை, அன்று மாலையே பெரியப்பாவை அழைத்துத் தெரிவித்தார். கடிதத்தை மறுபடியும் கேட்கவில்லை.

கெடு முடிந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்த செமஸ்டரில் மற்றவர்கள் நான்கு பாடம் எடுத்தபோது, அக்கா கடைச் சம்பளத்தில் ஒரே ஒரு பாடத்துக்குப் பணம் கட்டினார். உடற்கூறியல். அதில் ஏ வாங்கினார்.

முடிவுகள் வந்த அன்றே உதவித்தொகை அலுவலகத்துக்குப் போய், மறுபரிசீலனை செய்ய என்ன வழி என்று கேட்டார். அங்கிருந்த அம்மையார் படிவத்தைத் திருப்பிக் காட்டி, கடிதம் எழுதுபவர் உறவினராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார். மறுநாள் கடையில் பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்போது, அக்கா தயங்கித் தயங்கி ரோஸி ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஏன்டி, இத்தன மாசமா என்கூடத்தானே இருக்க? என்கிட்ட கேக்க மாட்டியா?"

"வீட்டு விஷயம் வெளிய போக வேண்டாம்னு இருந்தேன், ஆன்ட்டி."

"நீ இருக்கறது என் வீட்டுல. அப்ப நான்தானே சொல்லணும்?"

ரோஸி ஆன்ட்டி தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கைப்பட, நான்கு வரி எழுதினார். இந்தப் பெண்ணும் இவள் மகளும் என்னோடு வசிக்கிறார்கள். அந்த மனிதர் இங்கே வசிக்கவில்லை. தினமும் கண்ணால் பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் என்னை அழையுங்கள். அவ்வளவுதான். சில வாரங்களில் உதவித்தொகை வந்துவிட்டது.

அதன் பிறகு என் மகனின் பிறந்தநாள் விருந்தில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எந்த யூனிவர்சிட்டியில் படிக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் பெரியம்மா கேட்டார். "யூனிவர்சிட்டி இல்ல பெரியம்மா. கம்யூனிட்டி காலேஜ். கவர்மென்ட் உதவித்தொகைல படிக்கிறேன்" என்றார் அக்கா. மெதுவாகப் பேசும்படி பெரியம்மா கையைக் காட்டினார்.

"எதுக்கு மெதுவா? திருடியா படிக்கிறேன்?"

விருந்து முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டும் இடத்தில் மூன்று பெண்கள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அக்காவின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் இருவர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

மறுநாள் நானும் அந்தக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கடை வாசலில் நின்றபடியே அக்கா படித்தார். "நல்லா எழுதிருக்க. ஆனா ஒரு செமஸ்டர் லேட்டு" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அவர் அப்படிச் சொன்னதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டார், போனேன்.

அக்கா பட்டயம் பெற்றார். விவாகரத்தும் குடியுரிமையும் பெற்றார். ஹூஸ்டன் மருத்துவமனை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் மூச்சுச் சிகிச்சை வேலை பார்த்தார். மது கல்லூரியில் சேர்ந்தபோது அதே உதவித்தொகைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து இடத்தில், அக்கா தன் பெயரை மட்டும் எழுதினார்.

புற்றுநோய் தெரியவந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எட்டு மாதம் போராடினார். கடைசி வாரத்தில், ஆக்சிஜன் குழாயைச் சரியாகப் பொருத்தவில்லை என்று செவிலியரிடம் சண்டை பிடித்து, தானே கழற்றி மாட்டிக் காட்டினார். ஒரு வியாழக்கிழமை காலை, மதுவும் ரோஸி ஆன்ட்டியும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்க, மூச்சு நின்றது.

இந்தக் கட்டுரையை மதுவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. "டோன்ட் மேக் ஹர் நைஸ், மாமா" என்று மட்டும் சொன்னாள். அம்மாவை இனிமையானவளாக மாற்றி எழுத வேண்டாம் என்கிறாள். அதை முடிந்தவரை கேட்டிருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. கூரையும் கடிதமும் தந்த ரோஸி ஆன்ட்டிக்கு. படிவத்தைத் திருப்பிக் காட்டிய, பெயர் தெரியாத அந்த அம்மையாருக்கு. நோய்க்காலத்தில் தங்கள் சம்பள விடுப்பு நாட்களை அக்காவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்த மருத்துவமனைத் தோழியருக்கு. முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த ஒவ்வொரு வீட்டுக்கும்.

நம் உறவிலோ நட்பிலோ எந்தப் பெண்ணுக்காவது, எந்த அலுவலகத்துக்காவது, அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டால் என்னிடம் கேளுங்கள். காரணம் கேட்க மாட்டேன். அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.