யேசுதாசன் துடைத்த சத்தம்

குனோங் ராபாட் ஊரில் யேசுதாசனுக்கு 'ஒத்த ஆளு பேண்டு' என்று பேர். தோட்டத்து மாதா கோயிலில் கிட்டார் பழகிய மனுசன். கூட வாசித்தவர்கள் ஆளுக்கொரு திக்காய்ப் போனதும், பின்னறையில் மைக்கையும் லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு தனியாகவே கச்சேரியைத் தொடங்கிவிட்டார். கிட்டாரை மட்டும் வாசிப்பார். டிரம்ஸ், பாஸ், வயலின் எல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். அது சண்டை போடாது, ஒத்திகைக்கு வராமல் முறுக்கிக்கொள்ளாது.

வீட்டுக்குத்தான் தண்டனை. அவர் பதியும்போது காற்றாடி சுழலக்கூடாது, குக்கர் விசிலடிக்கக்கூடாது. அடுப்படியில் மனைவி பெட்ரீசியா இருமினால் சுவர் தாண்டி மைக்கில் விழும். முதலில் கத்தித் தீர்த்தார். பிறகு, பதிந்ததிலிருந்து இருமலை மட்டும் துடைத்தெடுக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். கொஞ்சம்கூடத் தடம் தெரியாது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

பாட்டுக்குப் பாட்டு துடைத்தார். பெட்ரீசியாவின் சட்டை தொளதொளவென்று ஆனதைக் கவனிக்க ஐயாவுக்கு ஏது நேரம்? அவளும் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூட கேன்டீனில் சமைப்பவள். இருமல் என்று தெரிந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிடுவார்களே என்ற பயம். ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம் தெரிந்தது. யேசுதாசன் லேப்டாப்பை மூடிவிட்டு அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

கிளினிக்கில் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நாளாக இருமல் என்று கேட்டார். ரெண்டு வாரம் என்றாள் பெட்ரீசியா. டாக்டரம்மா நம்பவில்லை. காசநோயாக இருக்கலாம், அதைவிட மோசமாகவும் இருக்கலாம், மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான் என்றார். பெட்ரீசியா கணவனின் கையை மேசைக்கடியில் அழுத்திப் பிடித்தாள். சொல்லிவிடாதே என்று அர்த்தம்.

எந்தப் பாட்டில் எந்த இடத்தில் இருமல் விழுந்தது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"ஈஸ்டருக்கு முன்னாடியிலேர்ந்து இருக்கு டாக்டர்," என்றார். இப்போதோ அவர் கிறிஸ்மஸ் பாட்டுகளைப் பதிந்துகொண்டிருந்தார்.

பெட்ரீசியா கையை இழுத்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவளோ திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள்.

"ஒங்க பாட்டு கெட்டுறக்கூடாதுன்னு துணிய வாயில அமுக்கிக்கிட்டுதானே இருமுனேன்," என்றாள். "நீங்க ஏசுறத நிறுத்துனதும், கேக்கலன்னு நெனச்சேன்லா."

"ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு," என்றார் யேசுதாசன். வெட்கத்தில் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.