மவுஸ் பிடிக்காத கை

மகனுக்குக் கம்ப்யூட்டர், மகளுக்கு டேப்லெட் என்று சிவசண்முகம் வாங்கிக் கொடுத்தபோது அதில் ஓரவஞ்சனை இருப்பதாக வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. திருநெல்வேலி டவுனில் அது மரியாதையான சைவக் குடும்பம். மகன் சிவகணேஷ் இன்ஜினியரிங் படித்தான். மகள் அனுராதா படம் வரைவாள். அதற்கு டேப்லெட் போதும். டேப்லெட் கம்ப்யூட்டருக்கு ஈடாகுமா, ஆகாதா என்று விவரம் தெரிந்தவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயத்தை அவர் ஒரே பேச்சில் தீர்த்துவைத்தார். கம்ப்யூட்டர் அண்ணன் அறையில் இருந்தவரை அதைத் தூசி தட்டும் உரிமை மட்டும் அவளுக்கு இருந்தது. பிறகு அது அவனோடு பெங்களூருக்குப் போய்விட்டது.

டேப்லெட்டிலேயே நான்கு வருஷம் வரைந்தாள். அவள் வரைந்த பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும், சட்டையில் ஒரு பொத்தான் இருக்காது. அதைப் பார்த்துத்தான் பாளையங்கோட்டையில் பள்ளிப் புத்தகம் தயாரிக்கும் அலுவலகத்திலிருந்து தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வயதில், தினமும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் கிடைக்கவிருந்தது.

"போய்ப் பாரு. கிடைச்சா தடுக்க மாட்டேன்" என்றார் சிவசண்முகம். இந்த ஒரு வார்த்தையை வாங்க அவளுக்கு மூன்று மாதம் ஆனது.

தேர்வன்று அலுவலக முதலாளி காந்திமதிநாதன் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். ஒரு பாடத்துக்குப் படமும் எழுத்துமாகப் பக்கம் அமைக்க வேண்டும். ஒரு மணி நேரம். திரையில் படம் சிறியதாகத் தெரிந்தது. அனுராதா அதன்மேல் இரண்டு விரலை வைத்து விரித்தாள். அசையவில்லை. இன்னும் அழுத்தி விரித்தாள்.

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த மெர்வின் எட்டிப் பார்த்தான். "எக்கா, தடவிக் கொடுத்தா அது வளராது. மவுஸைப் பிடிங்க."

யாரோ சிரித்தார்கள். மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி அவள் சொன்ன பக்கம் போகாமல் மூலைக்கு ஓடியது. ஒரு மணி நேரத்தில் பாதிப் பக்கம்கூட நிறையவில்லை.

"என் டேப்லெட்ல செஞ்சு காட்டட்டுமா சார்? இப்பவே வரையுதேன்."

"வரையுததுல உனக்கு ஈடா இங்கன ஆளில்லம்மா. ஆனா இருநூறு பக்கத்தை அடுக்கி அச்சுக்கு அனுப்பணும்லா. நாங்க வச்சிருக்கிற சாஃப்ட்வேர் உன் டேப்லெட்ல ஓடாது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யி. வீட்டுல இருந்தே படத்தை வரைஞ்சு அனுப்பு. மத்ததை மெர்வின் பாத்துக்கிடுவான்."

"ஒரு மாசம் தந்தா பழகிருவேன் சார்."

"பழக்கி எடுக்க ஏதும்மா நேரம்?"

"புத்தகத்துல என் பேரு வருமா?"

"பக்கம் அமைச்சவன் பேருதாம்மா வரும்."

வீட்டில் விவரம் கேட்டதும் சிவசண்முகத்தின் முகம் மலர்ந்தது. "இதைத்தான நானும் நினைச்சேன். வெயில்ல பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம் பாரு."

அவர் கொடுமைக்காரர் இல்லை. கொடுமைக்காரராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேச ஒரு பிடியாவது கிடைத்திருக்கும்.

"எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தாங்கப்பா. பழகிட்டு மறுபடி கேட்டுப் பாக்கேன்."

"அதான் வேலை கிடைச்சிட்டே. இனிமே எதுக்குட்டி?"

காந்திமதிநாதன் அதற்குள் முதல் பாடத்தை அனுப்பியிருந்தார். ஐந்து படம், மறுநாள் சாயங்காலத்துக்குள். அனுராதா வெளியே போவதற்காகக் கட்டிய சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, பாடத்தைப் படிக்க உட்கார்ந்தாள்.